மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸ்: புதிதாகப் போடப்போகும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும்

கான்டாக்ட் லென்ஸ் பொருத்தும் அறைக்கு மல்டிஃபோகல் வேண்டும் என்று வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு வயது 40ஐத் தாண்டியிருக்கும். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் காலாவதித் தேதியைப் படிக்கக் கையை நீட்டிக்கொண்டே போவார்கள். வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்று வீட்டில் சொல்வது இதைத்தான். இன்னொரு வகையினரை அம்மாவோ அப்பாவோ கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். 8 வயது, 10 வயது இருக்கும். புத்தகம் நன்றாகத் தெரியும், கரும்பலகை தெரியாது. கிட்டப்பார்வை என்பது இதுதான். வருஷா வருஷம் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு பேருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பவர் உள்ள லென்ஸைத்தான் கொடுக்கிறோம். கொடுக்கும் காரணம்தான் வேறு. பெரியவருக்கு அது கிட்டத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். பிள்ளைக்குக் கிட்டத்தில் ஒரு குறையும் இல்லை; கண் பின்பக்கமாக நீண்டு வளர்வதை மெதுவாக்கத்தான் அந்தக் கூடுதல் பவர். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "எனக்கு நன்றாகத் தெரிகிறதா?" என்று கேட்டுப் பெரியவர் தன் லென்ஸை எடைபோடலாம். பிள்ளையின் லென்ஸை அப்படி எடைபோட முடியாது. மாதக்கணக்கில் போட்டபிறகு எடுக்கும் அளவுகள்தான் பதில் சொல்லும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு இந்த லென்ஸை ஆன்லைனில் ஆர்டர் செய்யாதீர்கள். சாதாரண லென்ஸுக்கே அது சரியில்லை. மல்டிஃபோகலில் நிச்சயம் ஏமாற்றமாகத்தான் முடியும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

லென்ஸுக்குள் என்ன இருக்கிறது

ப்ரோக்ரஸிவ் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க. பார்வையைத் தாழ்த்தினால் படிக்கும் பகுதி தானாகக் கண்ணுக்கு நேரே வந்துவிடும். மென்மையான கான்டாக்ட் லென்ஸில் அப்படி நடக்காது. கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் லென்ஸும் கூடவே திரும்பும். அதனால் பவர்களை வட்டத்துக்குள் வட்டமாக வைத்திருக்கிறார்கள். நடுவில் கிட்டத்துக்கான பவர், சுற்றிலும் தூரத்துக்கான பவர் என்பது ஒரு வகை. நடுவில் தூரம், சுற்றிலும் கிட்டம் என்பது இன்னொரு வகை. இரண்டு பவரும் கண்பாப்பாவுக்கு முன்னால் ஒரே நேரத்தில் இருக்கும். தூரத்து உருவமும் கிட்டத்து உருவமும் சேர்ந்தே விழித்திரைக்குப் போகும். நாம் எதைப் பார்க்க நினைக்கிறோமோ அந்தத் தெளிவான உருவத்தை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க மூளை பழகிக்கொள்கிறது. பழகுவதற்குச் சிலருக்கு ஓரிரு நாள் போதும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

உள்ளே வரும் வெளிச்சத்தை இரண்டாகப் பங்கு போடுவதால், மென்மையான எந்த மல்டிஃபோகல் லென்ஸிலும் தெளிவு கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் கிடைக்கும். கண்பாப்பாவின் அளவும் இதில் புகுந்து விளையாடும். வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும், இருட்டில் விரியும். நடுவில் கிட்டப் பவர் உள்ள லென்ஸோடு உச்சி வெயிலில் நின்றால், சுருங்கிய பாப்பாவுக்கு நேராக இருப்பது பெரும்பாலும் கிட்டப் பவர்தான். தூரத்துப் பெயர்ப்பலகை லேசாக மங்கலாம். இரவில் பாப்பா விரிந்ததும் எல்லா வட்டங்களும் சேர்ந்துகொள்ளும். எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரிவது அதனால்தான்.

கெட்டியான லென்ஸிலும் மல்டிஃபோகல் உண்டு. அதில் சில வகைகள் கண்ணாடியைப் போலவே கீழே படிக்கும் பகுதி வைத்தவை. கீழே பார்க்கும்போது கீழிமை லென்ஸை மேலே நகர்த்திவிடும். பார்வை கூர்மையாக இருக்கும், பழகுவது சிரமம். புதியவர்களில் பெரும்பாலோர் மென்மையான லென்ஸில்தான் தொடங்குகிறார்கள், இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

யாருக்குச் சரிப்படும்

பெரியவர்களில் ஆசை உள்ளவர்களுக்குத்தான் இது சரிப்படும் என்பேன். மேடையில் நிற்பவர்கள், ஆசிரியர்கள், வேர்வையில் கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது என்று அலுத்துப்போனவர்கள், ஏற்கெனவே பல வருஷமாக லென்ஸ் போட்டுக்கொண்டிருந்து இப்போது படிக்க முடியாமல் தவிப்பவர்கள், இவர்கள் எல்லாம் நன்றாகப் பழகிவிடுவார்கள். இரவெல்லாம் லாரியோ பேருந்தோ ஓட்டுபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை. தூரத்துக்குப் பவரே இல்லாமல் இத்தனை நாள் கழுகுப் பார்வையோடு இருந்துவிட்டு, படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படுகிறவருக்கும் தயங்கித்தான் சொல்வேன். தூரத்தில் கொஞ்சம் தெளிவு குறைந்தாலும் அவர் மனசு ஏற்றுக்கொள்ளாது.

கண் உலர்ச்சி இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு இது அதிகமாக இருக்கும், அந்த வயதும் வெள்ளெழுத்து வயதும் ஒன்றாக வந்துவிடுகிறது. அலர்ஜிக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகளும் கண்ணை உலர வைக்கும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடிக்கடி கண் கட்டி வருகிறவர்கள், இமை ஓரம் செதில் செதிலாக உரிகிறவர்கள் அதைச் சரிசெய்துகொண்டு வருவது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆற நாளாகும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். அரைத்த மாவுத் தூளும் சிமென்ட் தூசியும் பறக்கும் இடத்தில் வேலை என்றால் வேலை நேரத்தில் கண்ணாடியே போதும்.

முதல் படி: கண் பரிசோதனை

போகும்போது பழைய கண்ணாடியையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு தாள். அன்றாடம் நீங்கள் எதை, எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள் என்று அதில் எழுதிக்கொண்டு போங்கள். கணினித் திரை ஒரு கை நீளம், போன் அதைவிடக் கிட்டே, கடையில் கல்லாவிலிருந்து அலமாரி மேல்தட்டு வரை, இரவில் ஸ்கூட்டி ஓட்டுவது வாரத்தில் எத்தனை நாள், இப்படி. பொருத்துகிறவருக்கு இந்தத் தாள் பெரிய உதவி. கேட்காமலே கொடுங்கள்.

பரிசோதனையில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் புதிதாக எடுப்பார்கள். கருவிழியின் வளைவை அளப்பார்கள். மஞ்சள் சாயம் வைத்து நீல வெளிச்சத்தில் கருவிழியில் கீறல் இருக்கிறதா, கண்ணீர் எத்தனை விநாடி நிலைத்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். மேலிமையைத் திருப்பிப் பார்ப்பதும் உண்டு. அது வலிக்காது, கொஞ்சம் விநோதமாக இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடிப் பவரும் லென்ஸ் பவரும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் போலத் தள்ளி உட்காருகிறது. லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. பவர் 4க்கு மேல் போனால் இந்த இடைவெளிக்குக் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். கண்ணாடியில் -6.00 இருப்பவருக்கு லென்ஸில் -5.50 போல வரும். சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததைச் சரிசெய்யும் பவர்) 0.75, 1.00 என்று இருந்தால் சாதாரண மல்டிஃபோகல் மங்கலாகத் தெரியும்; சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் மல்டிஃபோகல் வேண்டியிருக்கும். கிட்டப்பார்வைக்காரர்கள் இன்னொரு விஷயத்தை எதிர்பார்த்துக்கொள்ளலாம்: கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸ் போட்டதும், படிக்கக் கண் முன்பைவிட அதிகமாக வேலை செய்ய வேண்டும். "கண்ணாடியில் நன்றாகத்தானே படித்தேன், லென்ஸ் போட்டதும் வெள்ளெழுத்து வந்துவிட்டதே" என்று 42 வயதில் சிலர் பதறுவது இதனால்தான்.

கடைசியாக, எந்தக் கண் முன்னணிக் கண் என்று பார்ப்பார்கள். இரண்டு கையையும் சேர்த்துச் சின்ன ஓட்டை வைத்து அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்வார்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் முன்னணிக் கண். பெரும்பாலும் அந்தக் கண்ணைத் தூரத்துக்குச் சாதகமாக வைப்பார்கள்.

இரண்டாம் படி: ட்ரையல் லென்ஸ்

எல்லாம் முடிவாவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். படிக்கும் பவரை 'ஆட்' என்பார்கள். ஒவ்வொரு கம்பெனியும் இதை ஒவ்வொரு விதமாகப் பிரித்திருக்கிறது. ஆல்கான் லென்ஸ்களில் லோ, மீடியம், ஹை என்று மூன்று, 1.25 வரை தேவைப்பட்டால் லோ, 1.50 முதல் 2.00 வரை மீடியம், அதற்கு மேல் ஹை. கூப்பர்விஷனின் பயோஃபினிட்டியில் டி லென்ஸ், என் லென்ஸ் என்று இரண்டு வடிவம். டி லென்ஸில் நடுவில் தூரம், என் லென்ஸில் நடுவில் கிட்டம். ஆட் அதிகமாகத் தேவைப்படும்போது முன்னணிக் கண்ணுக்கு டி, மற்றதற்கு என் என்று கலந்து கொடுப்பார்கள். ஒரு கம்பெனியின் கணக்கு இன்னொன்றுக்குச் செல்லாது. ஆன்லைனில் பிராண்டை மாற்றி வாங்குகிறவர்கள் அவதிப்படுவது இதனால்தான்.

லென்ஸ் போட்டதும் உடனே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், "15 நிமிஷம் போகட்டுமே" என்று நீங்களே சொல்லலாம். லென்ஸ் நிலைகொள்ளவும் கண்ணீர் அடங்கவும் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்காமல் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். எதிர்க்கடைப் பலகையைப் பாருங்கள். போனில் வந்திருக்கும் செய்தியைப் படியுங்கள், ஆனால் எழுத்தைப் பெரிதாக்காமல். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை மூடி மூடிச் சோதித்தால் இந்த லென்ஸ் தோற்றுத்தான் போகும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதற்காகத்தான் இதைப் பொருத்துவதே.

ஒரு தையல்கார அக்காவுக்கு இப்படிப் பொருத்தியது நினைவுக்கு வருகிறது. தூரம் தெளிவு, படிக்கும் அட்டையில் சின்ன எழுத்தும் தெளிவு. பையிலிருந்து கறுப்பு ரவிக்கைத் துணியையும் கறுப்பு நூல் கோத்த ஊசியையும் எடுத்தார். "எழுத்தெல்லாம் தெரியுதுங்க. நான் போட்ட தையலு மட்டும் தெரியல" என்றார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து வேறு, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேறு. உடனே ஆட் பவரை ஏற்றியிருந்தால் அவருக்குத் தூரம் கெட்டிருக்கும். அதற்குப் பதிலாக, மேஜை விளக்கை அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து துணிமேல் வெளிச்சம் விழும்படி வைத்தோம். பாப்பா சுருங்கியது, நடுவில் இருந்த கிட்டப் பவர் முழுதாக வேலை செய்தது, தையல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மெஷினுக்கு மேலே ஒரு நல்ல விளக்கு மாட்டிக்கொண்டார், லென்ஸ் அதேதான். ட்ரையலுக்குப் போகும்போது உங்கள் வேலைப் பொருளைக் கையோடு கொண்டுபோங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பவரில் மாற்றம் தேவையா என்று பார்க்க, பொருத்துகிறவர் கையில் பிடிக்கும் சின்னச் சின்ன வில்லைகளை இரண்டு கண்ணும் திறந்திருக்க முன்னால் காட்டிக் காட்டி எடுப்பார். 0.25 மாற்றம்கூட இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். கண்ணாடிக்குப் பவர் எடுக்கும் பெரிய எந்திரத்துக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் பாப்பாவின் அளவு மாறிவிடும், முடிவு சரியாக வராது.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பாருங்கள். முதல் நாள் நான்கு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று இரவுகள் வண்டி ஓட்ட வேண்டாம். எப்போது மங்குகிறது, எந்த வெளிச்சத்தில், எந்தத் தூரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். "சரியா தெரியல" என்று மொட்டையாகச் சொன்னால் யாராலும் திருத்த முடியாது. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேருந்து எண் தெரியவில்லை, போன் நன்றாகத் தெரிகிறது" என்று சொன்னால் எங்கே கைவைக்க வேண்டும் என்று உடனே புரிந்துவிடும். இரண்டு தடவை, மூன்று தடவை லென்ஸ் மாற்றிப் பார்ப்பது சகஜம். ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தும் இடத்தைவிட, மறுபடி வாருங்கள் என்று சொல்லும் இடம்தான் நல்ல இடம்.

எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகும், மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்கு லேசான படிக்கும் கண்ணாடி தேவைப்படலாம். அதில் தவறே இல்லை. நாளின் பெரும்பகுதி கண்ணாடி இல்லாமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஓடவில்லை என்றால் மோனோவிஷன் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு கண்ணுக்குத் தூரப் பவர், மறு கண்ணுக்குப் படிக்கும் பவர். எளிது, செலவு குறைவு, சிலருக்கு அதுவே பிடித்துவிடும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைக் கணிக்கும் திறன் அதில் குறையும்.

பிள்ளைகளுக்கு ஏன் இந்த லென்ஸ்

கிட்டப்பார்வை உள்ள பிள்ளையின் கண், இருக்க வேண்டிய நீளத்தைவிட நீண்டிருக்கிறது. கண்ணாடி போட்டால் கரும்பலகை தெரியும், ஆனால் கண் நீள்வது நிற்காது. கண்ணின் நீளம் 1 மில்லிமீட்டர் கூடினால் பவர் ஏறத்தாழ 2.50 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) ஏறும். பவர் -6.00ஐத் தாண்டும் கண்ணில், வயதான பிறகு விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய், விழித்திரையின் மையப்பகுதி தேய்வு போன்றவை வரும் வாய்ப்பு அதிகம். பவர் ஏறுவதைத் தடிமனான கண்ணாடி என்ற கவலையாக மட்டும் பார்க்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வது இதற்காகத்தான்.

சாதாரணக் கண்ணாடி விழித்திரையின் நடுவில் உருவத்தைச் சரியாக விழவைக்கிறது. ஓரங்களில் உருவம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழலாம். இன்னும் வளர வேண்டும் என்று கண்ணுக்கு அது ஒரு தூண்டுதலாக அமைவதாக விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எர்ல் ஸ்மித்தும் அவருடைய குழுவும் குரங்குகளில் செய்த ஆய்வுகள் இதில் முக்கியமானவை. நடுவில் தூரப் பவரும் சுற்றிலும் கூடுதல் பவரும் உள்ள லென்ஸைப் போட்டால், வெளிச்சத்தின் ஒரு பங்கு விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது. கண் வளரும் வேகம் குறைகிறது.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 7 முதல் 11 வயது வரையுள்ள 294 பிள்ளைகளை 3 வருஷம் தொடர்ந்து பார்த்த பிளிங்க் ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. சாதாரண லென்ஸ் போட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாக 1.05 டயாப்டர் ஏறியது. ஆட் 2.50 உள்ள மல்டிஃபோகல் போட்டவர்களுக்கு 0.60தான் ஏறியது. ஆட் 1.50 போட்டவர்களுக்கோ சாதாரண லென்ஸோடு ஒப்பிடச் சொல்லும்படியான பலன் இல்லை. ஆகவே பிள்ளைக்கு ஆட் பவர் குறைவாக இருக்கட்டும் என்று பெற்றோர் கேட்டால் நோக்கமே கெட்டுவிடும். பெரியவருக்கு ஆட் எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. பிள்ளைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதேபோல பிள்ளைக்கு நடுவில் தூரம் உள்ள லென்ஸ்தான் வேண்டும். அம்மாவின் பெட்டியில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட முடியாது.

இதற்கென்றே தயாரான லென்ஸும் இருக்கிறது. மைசைட் என்ற ஒருநாள் லென்ஸை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 நவம்பரில் அங்கீகரித்தது. தொடங்கும்போது 8 முதல் 12 வயது, பவர் -0.75 முதல் -4.00 வரை, சிலிண்டர் 0.75க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 3 வருஷ ஆய்வில் பவர் ஏறும் வேகம் சராசரியாக 59 சதவீதம் குறைந்தது. சராசரி என்பதை நினைவில் வையுங்கள். சில பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும், சிலருக்கு அவ்வளவு இருக்காது. ஏறிய பவர் இறங்காது என்பதையும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்குச் செய்ய வேண்டியவை

சொட்டு மருந்து விட்டுப் பவர் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண் தானாகவே குவித்துக்கொண்டு பவரைக் கூட்டிக் காட்டும். மருந்து விட்டால்தான் உண்மை தெரியும். அன்று முழுக்கப் படிக்கச் சிரமமாக இருக்கும் என்பதால் பரீட்சைக்கு முந்தின நாள் போகாதீர்கள். கண்ணின் நீளத்தை அளக்கும் கருவி இருக்கும் இடமாகப் பாருங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் மட்டுமல்ல, இப்போது பல ஊர்களில் இந்தக் கருவி இருக்கிறது. கண்ணைத் தொடாமலே சில விநாடிகளில் அளந்துவிடும். லென்ஸ் தொடங்கும் அன்று எடுத்த நீளம் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை அதோடு ஒப்பிட்டால்தான் லென்ஸ் வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும்.

வயதைவிடப் பிள்ளையின் பொறுப்பு முக்கியம். சொல்லாமலே பல் துலக்குகிறதா, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறதா என்று பாருங்கள். 8 வயதுப் பிள்ளையே தானாகப் போட்டுக் கழற்றப் பழகிவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். அம்மாவுக்குத்தான் பக்கத்தில் நின்று மூச்சு நின்றுவிடும். "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்று பிள்ளையே சொல்வதும் உண்டு; சொன்னால் போய்விடுங்கள், நீங்கள் போனதும் பெரும்பாலும் போட்டுவிடும். பிள்ளைகளுக்கு ஒருநாள் லென்ஸே என் தேர்வு. இரவு கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன், டப்பா என்ற தொல்லையே இல்லை.

ஒரு நாளைக்கு 10 மணி நேரமாவது, வாரத்தில் 6 நாளாவது போட்டால்தான் பலன். பள்ளிக்கு லென்ஸ், வீட்டுக்கு வந்ததும் பழைய கண்ணாடி என்றால் காசுதான் வீண். இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். கண் வளர்வது அடங்கும்வரை, அதாவது பல பிள்ளைகளுக்குப் பதின்வயதின் கடைசிவரை. செலவுக் கணக்கையும் அப்படியே போடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் பவர் ஏறுவதைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடிகள் இருக்கின்றன, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது. கண் டாக்டரிடம் இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பேசுங்கள். லென்ஸ் ஒன்றே வழி என்று யாரும் சொல்ல முடியாது. எந்த வழியில் போனாலும் தினமும் 2 மணி நேரமாவது பிள்ளை வெளிவெளிச்சத்தில் விளையாடட்டும். கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட வெளிவெளிச்சம் உதவுகிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம், அதற்குக் காசும் ஆகாது.

மூன்றாம் படி: போடுவதும் கழற்றுவதும்

நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். வாசனை இல்லாத, எண்ணெய்ப் பசை இல்லாத சோப்பில் கை கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக் கையில் லென்ஸ் விரலை விட்டு வராது.

மேஜைமேல் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வையுங்கள். எப்போதும் வலது கண்ணிலிருந்தே தொடங்குங்கள். மல்டிஃபோகலில் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு வடிவம் இருக்கலாம், மாறிப்போனால் நாள் முழுக்கத் தலைவலிதான். லென்ஸை ஆள்காட்டி விரல் நுனியில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். சின்னக் கிண்ணம் போல ஓரம் நேராக நின்றால் சரி. ஓரம் வெளியே மடங்கி விரிந்திருந்தால் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது, திருப்பிக்கொள்ளுங்கள்.

மறு கையால் மேலிமையை இமைமுடிக்கு ஒட்டிப் பிடித்து உயர்த்துங்கள். லென்ஸ் பிடித்த கையின் நடுவிரலால் கீழிமையை இழுங்கள். கண்ணாடியில் உங்கள் கண்ணையே நேராகப் பார்த்தபடி லென்ஸை மெதுவாக வையுங்கள். வைத்ததும் கீழே பார்த்து, பிடித்திருந்த இமைகளை ஒவ்வொன்றாக விடுங்கள். இறுக்கிக் கண்ணை மூடாதீர்கள். சில விநாடியில் உறுத்தல் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் கழற்றி, சொல்யூஷனில் அலசி, மறுபடி போடுங்கள்.

கழற்றும்போது மேலே பாருங்கள். ஆள்காட்டி விரலால் லென்ஸைக் கருவிழியிலிருந்து கீழே வெள்ளைப் பகுதிக்கு நகர்த்தி, கட்டை விரலும் சேர்த்து லேசாகக் கிள்ளினால் வந்துவிடும். லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று பயப்படவே வேண்டாம். இமைக்குள் இருக்கும் சவ்வு அங்கேயே வழியை அடைத்திருக்கிறது. காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டால், லென்ஸோடு விடக்கூடிய சொட்டு மருந்தை விட்டு ஐந்து நிமிஷம் பொறுத்து எடுங்கள்.

நம் வீட்டில் கவனிக்க வேண்டியவை

தண்ணீர் ஆகவே ஆகாது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், கொதிக்கவைத்த தண்ணீர் எதுவுமே. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்கிறது. லென்ஸுக்கு அடியில் புகுந்தால் கருவிழியில் வரும் புண் மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தாலும் லேசில் ஆறாது. குளிக்கும்போதும் நீச்சல் குளத்திலும் லென்ஸ் வேண்டாம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடப் போகிறீர்களா, குற்றாலத்தில் நிற்கப் போகிறீர்களா, அன்றைக்குக் கண்ணாடி. எண்ணெய்க் குளியல் நாளிலும் கண்ணிலிருந்து எண்ணெய்ப் பசை போன பிறகு, அடுத்த நாள் போடுங்கள்.

காலையில் லென்ஸ் போட்ட பிறகுதான் சமையல். இரவில் கழற்றுவதற்கு முன் பச்சை மிளகாய் நறுக்கியிருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் காரம் விரல்நுனியில் நிற்கும். அன்றைக்கு மிளகாயை வேறு யாராவது நறுக்கட்டும். மையும் பவுடரும் லென்ஸ் போட்டபிறகு; மையை இமையின் உள்ஓரத்தில் இழுக்காதீர்கள். பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், தூசியும் காற்றும் லென்ஸை உலர்த்திவிடும்.

மாத லென்ஸ் என்றால் ஒவ்வொரு இரவும் உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு, விரலால் தேய்த்து அலசிப் புது சொல்யூஷனில் ஊறவைக்க வேண்டும். பாட்டிலில் 'தேய்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தாலும் தேயுங்கள். நேற்றைய சொல்யூஷன்மேல் கொஞ்சம் ஊற்றி நிரப்பாதீர்கள். டப்பாவைச் சொல்யூஷனால் அலசிக் கவிழ்த்துக் காயவைத்து, 3 மாதத்துக்குள் புதிது வாங்கிவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன் நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் அதற்கென்று வரும் டப்பாவில் 6 மணி நேரம் ஊறிய பிறகே லென்ஸைக் கண்ணில் வைக்கலாம். முன்னதாக வைத்தால் கண் எரிந்துவிடும்.

லென்ஸோடு தூங்காதீர்கள், பேருந்தில் அரை மணி நேரம் கண்ணசந்தாலும்கூட. இரவுத் தூக்கத்தில் போட்டிருந்தால் கருவிழியில் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, பார்வை திடீரென மங்கினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன கிருமி என்று சோதிக்க உதவும். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து விட வேண்டாம், குறிப்பாக ஸ்டீராய்டு சொட்டு. அது சிவப்பை மறைத்துப் புண்ணை வளர்த்துவிடும். பிள்ளை என்றால் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்து, பள்ளிப் பையில் எப்போதும் கண்ணாடியை வையுங்கள்.

பெட்டி வாங்கும்போதும் அதற்குப் பிறகும்

ட்ரையல் முடிந்து லென்ஸ் உறுதியானதும் எழுதிக் கேட்டு வாங்குங்கள்: பிராண்டின் முழுப் பெயர், வளைவு, விட்டம், ஒவ்வொரு கண்ணுக்கும் பவர், ஆட், டி அல்லது என் போன்ற வடிவக் குறி. அடுத்த பெட்டி வாங்கும்போது ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். அதோடு சரியான பவரில் ஒரு கண்ணாடியும் வீட்டில் இருக்க வேண்டும். கண்ணாடியே இல்லாமல் லென்ஸை மட்டும் நம்பியிருப்பவர்கள்தான் சிவந்த கண்ணோடும் லென்ஸ் போட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

பெரியவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது காட்டிக்கொள்ளுங்கள். ஆட் பவர் 60 வயதை ஒட்டி அடங்கும்வரை மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லென்ஸை மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கலாம். நன்றாக இருந்த லென்ஸில் ஒளிவளையம் திடீரென அதிகமானால், வேறு பவர் கேட்பதற்கு முன் கண்புரை தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை ஆபரேஷனுக்கு அளவெடுக்கப் போகிறீர்கள் என்றால், லென்ஸ் போடுகிறவர் என்பதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். லென்ஸ் கருவிழியின் வளைவை லேசாக மாற்றியிருக்கும். அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்னால் அதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்வார்.